மாணவர் தள்ளுபடி: யாருக்கு லாபம்?

காஞ்சிபுரத்தில் தள்ளுபடி என்ற சொல்லுக்கு யாரும் விளக்கவுரை எழுதத் தேவையில்லை. ஆடி பிறந்தால் போதும், காந்தி ரோட்டில் கடைக்குக் கடை அந்தச் சொல் தான் தொங்கும். சேலையைப் புரட்டிப் பார்க்கும் அம்மாக்களுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். கடைக்காரர் நஷ்டத்துக்கு விற்கமாட்டார். ஐம்பது சதவீதம் குறைத்திருக்கிறார் என்றால், எந்த விலையிலிருந்து குறைத்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

இவ்வளவு விவரமான ஊரில் கூட, கணினி இயங்குதளத்துக்கு "மாணவர் தள்ளுபடி" என்று ஓர் அறிவிப்பு வந்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. "ஆகா, மாணவர்கள் மேல் எவ்வளவு கரிசனம்!" என்று கை தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கரிசனத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்த்தால் என்ன? வணிகவியல் படிக்கிற கூட்டம் இதைக் கூடச் செய்யாவிட்டால் பிறகு எதற்கு அந்தப் படிப்பு? கணக்குப் பார்த்தால் தெரிவது இதுதான்: இயங்குதள மேம்படுத்தலுக்குத் தரப்படும் மாணவர் தள்ளுபடி, வசதி இல்லாத மாணவனுக்குச் செய்யும் உதவி இல்லை. ஏற்கெனவே வசதி உள்ளவனுக்குத் தரும் சலுகை. நாளைய வாடிக்கையாளரை இன்றைக்கே பிடித்து வைக்கும் முதலீடு. தமிழ்நாட்டு மாணவர்கள் தள்ளுபடி கேட்டு நிற்பதை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும்.

முப்பது டாலர் கதை

2009 அக்டோபர் 22. விண்டோஸ் 7 வெளியானது. விஸ்டாவில் கையைச் சுட்டுக்கொண்ட மைக்ரோசாப்ட், இதை எப்படியாவது எல்லோர் கணினியிலும் ஏற்றிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவில் ஹோம் பிரீமியம் பதிப்புக்கு மேம்படுத்த 119.99 டாலர், புரொபஷனலுக்கு 199.99 டாலர் என்று விலை வைத்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் 29.99 டாலர்! பிரிட்டனில் 30 பவுண்டு. 2010 ஜனவரி 3 வரை அமெரிக்க மாணவர்களுக்கு இந்தச் சலுகை இருந்தது.

நான்கில் ஒரு பங்கு விலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே நுழைய என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி வேண்டும். இணையத்தில் காசு கட்ட அட்டை வேண்டும். முக்கியமாக, கணினியில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பியோ விஸ்டாவோ இருக்க வேண்டும். ஏனென்றால் விற்றது மேம்படுத்தல் உரிமம் தான். முழு விண்டோஸ் இல்லை. அதாவது, ஒரு முறை முழு விலை கொடுத்தவனுக்கு மட்டும் இரண்டாம் முறை சலுகை. இதையும் தாண்டி, தரவிறக்கம் செய்தவர்களில் பலர் 32 பிட் கணினியில் 64 பிட் கோப்பைப் பிரிக்க முடியாமல் முழி பிதுங்கியது தனிக் கதை.

அடுத்தது விண்டோஸ் 8. இது இன்னும் சுவாரசியம். 2012 அக்டோபர் 26ல் வெளியானபோது புரோ பதிப்புக்கு மேம்படுத்த அமெரிக்காவில் 39.99 டாலர். இந்தியாவில் 1,999 ரூபாய். புதிதாக விண்டோஸ் 7 கணினி வாங்கியிருந்தால் வெறும் 699 ரூபாய். மாணவர் அட்டை, கல்லூரி முகவரி எதுவும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 2013 ஜனவரி 31ஓடு இந்த அறிமுக விலை முடிந்தது. மறுநாள் முதல் அமெரிக்காவில் அதே மேம்படுத்தல் 199.99 டாலர். மாணவர்களுக்குச் சிறப்புச் சலுகையாக 69.99 டாலர்!

ஜனவரி மாதம் ஊரில் உள்ள எல்லோருக்கும் நாற்பது டாலர். பிப்ரவரி மாதம் மாணவர்களுக்கு மட்டும் "தள்ளுபடி" போட்டு எழுபது டாலர். காந்தி ரோட்டில் ஒரு கடைக்காரர் இப்படிச் செய்தால் அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் சிரித்துவிடும். இதைச் செய்தது பெரிய நிறுவனம் என்பதால் அதற்குப் பெயர் கல்விச் சேவை.

2013 அக்டோபரில் ஆப்பிள் தன் மேவரிக்ஸ் இயங்குதளத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டது. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு மைக்ரோசாப்டும் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10ஐ இலவசமாகக் கொடுத்தது. ஆக, ஒரே வகைப் பொருளுக்கு 199, 119, 69, 39, 29, பிறகு பூஜ்யம்! இதில் எது உண்மையான விலை? எது தள்ளுபடி? மென்பொருளில் இன்னொரு பிரதி எடுக்க ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதனால் தான் விலையை நிறுவனம் நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறது.

பாடப் புத்தகத்தில் இருப்பது தான்

இதற்குப் பெயர் முதலாண்டு பொருளியல் பாடத்திலேயே இருக்கிறது. விலைப் பேதம் காட்டுதல். ஆர்தர் பிகூ 1920ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். மாணவர் தள்ளுபடி மூன்றாம் நிலை. வாங்குபவர்களைக் குழுக்களாகப் பிரி, ஒவ்வொரு குழுவும் எவ்வளவு தாங்கும் என்று பார், அந்த அளவுக்குக் கற. அவ்வளவு தான். இதற்கு மூன்று நிபந்தனைகள் என்று பரீட்சையில் எழுதுவோம் இல்லையா? சந்தையில் பிடி இருக்க வேண்டும், குழுக்களைப் பிரித்து அடையாளம் காண முடிய வேண்டும், ஒரு குழு வாங்கியதை இன்னொரு குழுவுக்கு விற்க முடியக்கூடாது. மேசைக் கணினியில் விண்டோஸின் பிடி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. குழுவைப் பிரிக்கக் கல்லூரி மின்னஞ்சல் இருக்கிறது. மறுவிற்பனையைத் தடுக்க உரிம விதிகள் இருக்கின்றன. மூன்றும் சரி!

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் விண்டோஸ் 10 கதையைப் பார்க்கலாம். அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. அதற்கு மேலும் வேண்டுமானால் காசு கொடுத்து நீட்டித்துக்கொள்ளலாம் என்றார்கள். விலை என்ன தெரியுமா? அலுவலகங்களுக்கு முதலாண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு. வீட்டில் வைத்திருப்பவருக்கு ஓராண்டுக்கு 30 டாலர் (பிறகு, அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்தால் இலவசம் என்றும் சொன்னார்கள்). பள்ளி கல்லூரிகளுக்கு முதலாண்டு 1 டாலர், அடுத்தது 2, அதற்கடுத்தது 4.

அதே ஓட்டை, அதை அடைக்கும் அதே ஒட்டு. விலை மட்டும் 61, 30, 1. ஒரு டாலருக்குக் கொடுத்தாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறதே!

விலைப் பேதமே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மாணவர்களுக்குப் பஸ் பாஸ் உண்டு. அதுவும் ஒரு குழுவுக்கு மட்டும் தரும் சலுகை தான். ஆனால் பஸ் பாஸ் கேட்டுப் போகிறவனிடம், "உன்னிடம் ஏற்கெனவே சைக்கிள் இருக்கிறதா? ரசீதைக் காட்டு" என்று யாரும் கேட்பதில்லை. நடந்து போகிறவனுக்காகத் தான் பஸ் பாஸ். மேம்படுத்தல் தள்ளுபடியோ வண்டி வைத்திருப்பவனுக்கு மட்டும் கிடைக்கும் பாஸ்.

முசரவாக்கத்திலிருந்து பார்த்தால்

காஞ்சிபுரம் பக்கத்தில் முசரவாக்கம். அங்கிருந்து பஸ் ஏறி பி.காம் படிக்க வரும் ஒரு பையனை மனதில் வைத்துக்கொண்டு இந்தச் சலுகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அவன் வீட்டில் கணினி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அது அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பாக இருக்கும். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த பழைய கணினியாக இருக்கும்.

முதல் வாசல், பழைய உரிமம். ரிச்சி தெருக் கணினியில் விண்டோஸை ஏற்றிக் கொடுத்தது கடைக்காரர். உரிமம் எங்கே என்று கேட்டால் அவரே சிரிப்பார். ஆக, மேம்படுத்தல் சலுகை இவனுக்கு இல்லை. முழு உரிமம் வாங்கலாமே என்றால், விண்டோஸ் 11 ஹோம் அமெரிக்க விலையே 139 டாலர். அந்தப் பழைய கணினியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இரண்டாம் வாசல், கல்லூரி மின்னஞ்சல். ஐ.ஐ.டி.யிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் சேர்ந்த முதல் வாரமே முகவரி கிடைத்துவிடும். ஊர்ப்பக்கக் கலைக் கல்லூரிகளில் எத்தனை மாணவர்களுக்கு அது கிடைக்கிறது? அடையாள அட்டையையே இரண்டாம் பருவத்தில் கொடுக்கும் இடங்கள் உண்டு. அவன் கையில் இருப்பது ஜிமெயில். அதை வைத்து அவன் மாணவன் என்று எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது.

மூன்றாம் வாசல், படிக்கும் துறை. இதுதான் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் டிரீம்ஸ்பார்க் என்று ஒரு திட்டம் தொடங்கியது. விஷுவல் ஸ்டூடியோ போன்ற நிரல் எழுதும் கருவிகளை மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. நல்லது. ஆனால் மேசைக் கணினிக்கான விண்டோஸ் வேண்டுமென்றால், கல்லூரித் துறை தனியாக உறுப்பினராக வேண்டும். அந்த உறுப்பினர் தகுதி அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் போன்ற துறைகளுக்குத் தான். பி.காம்? பி.ஏ. தமிழ்? வெளியே நில்! அந்தத் திட்டத்தின் பெயர் பிறகு இரண்டு மூன்று முறை மாறிவிட்டது. நிரல் எழுதுபவனைப் பிடித்தால் அவன் விண்டோஸுக்கு மென்பொருள் எழுதுவான். பேரேடு எழுதுபவனை எதற்குப் பிடிக்க வேண்டும்? அவன் எப்படியும் அங்கே தானே வரப்போகிறான்!

நான்காம் வாசல், கணினியின் வயது. 2021 அக்டோபர் 5ல் வந்த விண்டோஸ் 11க்கு மேம்படுத்தக் காசே இல்லை, எல்லோருக்கும் இலவசம். இதை விடப் பெரிய தள்ளுபடி உண்டா? ஆனால் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால், ஒரு சில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சில்லுகள் சந்தைக்கு வந்ததே 2017 ஆகஸ்டில் தான். அதற்கு முன் தமிழக அரசு கொடுத்த அத்தனை லேப்டாப்பும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். மேம்படுத்தல் இலவசம், ஆனால் அதை வாங்கிக்கொள்ள முப்பதாயிரம் ரூபாய்க்குப் புதுக் கணினி வேண்டும். இதுதான் அந்த "இலவசம்".

பட்டுத் தறியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, துளை போட்ட அட்டையைப் படித்து டிசைன் போடுகிறது. ஒரு வகையில் கணினிக்கே அது பாட்டன் தான். அந்தப் பெட்டி பழுதானால் ஊரிலேயே சரி செய்ய ஆள் உண்டு. "இந்தத் தேதியோடு உன் பெட்டிக்கு ஆதரவு முடிந்தது, புதிய தறி வாங்கு, நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்றால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று யாராவது வந்து சொன்னால் பிள்ளையார்பாளையத்தில் என்ன நடக்கும்? கணினிக்கு மட்டும் இதைத் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறோம்.

தூண்டில் யாருக்கு?

இவ்வளவு பேரை வெளியே நிறுத்தும் சலுகையை ஏன் கொடுக்க வேண்டும்? இதற்கான பதிலை பில் கேட்ஸே சொல்லியிருக்கிறார். 1998ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசியபோது, சீனாவில் மக்கள் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை என்ற பேச்சு வந்தது. திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், அதற்குப் பழகிவிடுவார்கள், பிறகு எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அவர் பேசினார். அது பார்ச்சூன் பத்திரிகையிலும் வந்தது. திருட்டுப் பிரதியே பழக்கத்தை உண்டாக்கும் என்றால், தள்ளுபடிப் பிரதி அதை இன்னும் கண்ணியமாகச் செய்யும். விதை நெல் தூவுகிறார்கள். அறுவடை பிறகு, அந்த மாணவன் வேலைக்குப் போய், அவன் அலுவலகம் 61 டாலர் கட்டும்போது.

வணிகவியல் மாணவனுக்கு இந்தப் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. 2019ல் வந்த தமிழ்நாட்டு பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கணினிமயக் கணக்கியல் பாடம் என்பது டேலி.ஈ.ஆர்.பி 9 பாடம் தான். பெங்களூர் நிறுவனத்தின் மென்பொருள், நல்ல மென்பொருள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. உரிமம் வாங்க முடியாத மாணவனுக்குக் கல்விப் பயன்முறை என்று ஒன்று இலவசமாக உண்டு. அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் தான் பதிவு போட முடியும். பதினைந்தாம் தேதி சரக்கு வாங்கினால்? ஒன்றாம் தேதி வாங்கியதாக எழுது! நாள்வாரியாகப் பதிவு செய் என்று குறிப்பேட்டுப் பாடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாளே இல்லாத கணினியில் பழக்குகிறோம். "மாணவர் பதிப்பு" என்றால் என்ன என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், அதே அரசு 2018ல் கொடுத்த பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது, ஓப்பன் ஆபீஸும் இருக்கிறது. ஒரு புத்தகம் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறது. இன்னொரு புத்தகம் ஒரே நிறுவனத்தின் பெயரைப் பாடத் தலைப்பில் போடுகிறது. இரண்டையும் ஒரே மாணவன் ஒரே பையில் போட்டுச் சுமக்கிறான்.

அரசு என்ன செய்தது?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. 2006க்குப் பிறகு உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனமே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. இந்தியா முழுக்கப் பேசப்பட்ட முயற்சி அது. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் 50 லட்சம் அளவுக்கு லேப்டாப்புகள் மாணவர் கைக்குப் போயின. 2014 ஏப்ரல் 8ல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. பாஸ் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கியது, தமிழிலேயே இயங்கும்.

பிறகு 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பு வந்தது. 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 2026 ஜனவரியில் லேப்டாப் வழங்கத் தொடங்கினார்கள். விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ்.

கூடவே! இந்த ஒரு வார்த்தையில் தான் எல்லாம் இருக்கிறது. பாஸ் லினக்ஸ் லேப்டாப்பில் இருக்கிறது, பாடத்தில் இல்லை. பரீட்சையில் இல்லை. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. பழைய லேப்டாப் வாங்கிய பலர் அந்தப் பகுதியைத் திறந்தே பார்த்ததில்லை. இடம் பற்றவில்லை என்று அழித்துவிட்டு அதில் சினிமா ஏற்றிக்கொண்டவர்கள் தான் அதிகம். பையன்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கேட்காத கேள்விக்கு யார் விடை படிப்பார்கள்?

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளிக் கணினிப் பாடத்தையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். பாடம் அதில், செய்முறைத் தேர்வும் அதில், ஆசிரியர் பயிற்சியும் அதில். அந்தப் பிள்ளைகள் யாரும் கணினி தெரியாமல் போய்விடவில்லை. அவர்களுக்கு மேம்படுத்தல் தள்ளுபடி என்ற கவலையே வரவில்லை.

"ஆனாலும்..." என்பவர்களுக்கு

"ஒன்றும் இல்லாததற்குத் தள்ளுபடியாவது பரவாயில்லையே?" உண்மை தான். கிடைத்தால் வாங்கிக்கொள்ளட்டும். தகுதி உள்ள மாணவன் முழு விலை கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாங்கியதற்கு நன்றிக் கடன் பட வேண்டாம். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். அதன் பின்னால் தறி ஓட வேண்டும், நெசவாளிக்குக் கூலி போக வேண்டும் என்ற பொது நோக்கம் இருக்கிறது. இங்கே பின்னால் இருப்பது நிறுவனத்தின் விற்பனைத் திட்டம். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

"நிறுவனம் செலவு செய்து உருவாக்கியதற்கு விலை வைக்கக் கூடாதா?" தாராளமாக வைக்கலாம். லாபம் சம்பாதிப்பது குற்றம் என்று வணிகவியல் மாணவன் சொன்னால் அவனைக் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்! கேள்வி அதுவல்ல. அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள் என்றால் இந்தப் பக்கம் இருப்பவர்களும் வியாபாரியைப் போலப் பேரம் பேச வேண்டும். பத்து லட்சம் லேப்டாப்புக்கு மேல் வாங்கும் அரசு, தனி மாணவனைப் போலச் சலுகைக்குக் கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

"லினக்ஸெல்லாம் நம்மூருக்கு ஒத்து வராது, வேலைக்குப் போனால் டேலி தானே கேட்பார்கள்?" இது நேர்மையான கேள்வி. கேட்பார்கள். காஞ்சிபுரம் பட்டுக் கடைகளிலும் சென்னை ஆடிட்டர் அலுவலகங்களிலும் டேலி தெரிந்த பையன் தான் வேண்டும் என்பார்கள். அதனால் டேலியைப் படிக்க வேண்டாம் என்று சொல்வது அயோக்கியத்தனம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். டேலி.ஈ.ஆர்.பி 9 என்று புத்தகம் அச்சாகி ஓராண்டு கழித்து, 2020 நவம்பரில், டேலிபிரைம் வந்துவிட்டது. பழைய திரையை மனப்பாடம் செய்தவன் தடுமாறினான். பற்று வரவு புரிந்தவன் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டான். பொத்தானைப் படித்தால் பொத்தான் மாறும்போது படிப்பும் போய்விடும்.

"திருட்டு விண்டோஸ் போடுகிறவர்கள் நியாயம் பேசலாமா?" பேசலாம், ஆனால் திருட்டை விட்டுவிட்டுப் பேசினால் பலம் கூடும். திருட்டுப் பிரதியில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் கிடையாது. எந்தக் கோப்பைத் திறந்து எந்தக் கிறுக்கு நிரலை ஏற்றியிருக்கிறார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. அதே கணினியில் தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் உதவித்தொகை விண்ணப்பமும் திறக்கப்படுகின்றன. அதுவும் போக, மேலே சொன்ன பில் கேட்ஸ் கணக்குப்படி பார்த்தால், திருட்டுப் பிரதி போடுகிறவன் நிறுவனத்தை எதிர்க்கவில்லை. சம்பளம் இல்லாமல் அதற்கு விளம்பரம் செய்கிறான்.

சரி, என்ன கேட்கலாம்?

ஒன்று, அரசு லேப்டாப் டெண்டரில் வருடக் கணக்கு. மூன்று வருடப் பட்டப்படிப்பு, அதற்கு மேல் இரண்டு வருடம். குறைந்தது ஐந்து வருடத்துக்கு இயங்குதளப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இந்தக் கணினிக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். பேட்டரிக்கு வாரண்டி கேட்கிறவர்கள் இயங்குதளத்துக்கும் கேட்கலாமே. இயங்குதளத்துக்கு எவ்வளவு காசு போகிறது என்பதையும் தனி வரியாகக் காட்ட வேண்டும். மக்கள் வரிப்பணம் அது.

இரண்டு, பாடத்திட்டம். தேர்வுக் கேள்வியில் நிறுவனப் பெயர் வேண்டாம். "கணக்கியல் மென்பொருள் ஒன்றில் பதிவு செய்க" என்றால் போதும். டேலியிலும் செய்யலாம், இந்தியாவிலேயே உருவான கட்டற்ற மென்பொருள் குனுகாத்தாவிலும் செய்யலாம். மாணவன் கையில் எது இருக்கிறதோ அதில்.

மூன்று, சேர்ந்த முதல் மாதமே எல்லா மாணவருக்கும் கல்லூரி மின்னஞ்சல். கலைக் கல்லூரி, அறிவியல் கல்லூரி என்ற பேதம் இதில் வேண்டாம். இதற்குப் பெரிய செலவு கிடையாது, மனம் தான் வேண்டும்.

நான்கு, பழைய லேப்டாப்புகள். 2017க்கு முன் கொடுத்தவை விண்டோஸ் 11ஐ ஏற்காது என்பதற்காகக் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் எழுத, படிக்க, விரிதாளில் கணக்குப் போட, இணையம் பார்க்க இன்னும் பல வருடம் ஓடும். கல்லூரிக்கு ஒரு நாள், ஒரு கூடம், பத்து பென் டிரைவ், விவரம் தெரிந்த நான்கு பேர். இதற்கு ஆள் தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு குழு இருக்கிறது. தமிழிலேயே பேசுகிறார்கள், தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். கணியம் தளத்தில் இந்த விஷயங்கள் தமிழில் எழுதியும் வைக்கப்பட்டிருக்கின்றன. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

இந்த நான்கில் எதற்கும் ரெட்மண்டிலிருந்து யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. முதல்வர் அறையில் ஒரு மனு, துறைத் தலைவரிடம் ஒரு கோரிக்கை, பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு கடிதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த "மாணவர் சிறப்பு விலை" விளம்பரம் வரும்போது அதைப் பகிர்வதற்கு முன், அந்த வகுப்பில் எத்தனை பேருக்கு அந்த விலை பொருந்தும் என்று ஒரு முறை கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்காத கைகள் எத்தனை என்று எண்ணினால் போதும், மீதிக் கணக்கு தானாகப் புரிந்துவிடும்.